கருப்பசாமிக்கு கிரீன் ஆப்பிள்

இன்று தா.பழூர்ப் பக்கம் என் வீட்டுக்காரரின் குலசாமிக்குப் படையல்.

கருப்பசாமிக்குச் சுருட்டும் பிராந்தியும் வைப்பது வழக்கம். பாட்டில் வாங்கும் பொறுப்பைக் கொழுந்தனிடம் விட்டது எங்கள் தப்பு. வாங்கி வந்தது கிரீன் ஆப்பிள் வோட்கா.

சாமியாடும் பெரிய மாமா, அதாவது என் மாமனாரின் அண்ணன், அதைத் திறந்து மோந்து பார்த்துக் கொதித்துவிட்டார்.

“ஏன்டா, கருப்பன் என்ன காலேஜ் புள்ளையா? சாமிக்குப் போயி ஜூஸ் வாங்கியாந்துருக்க!”

“இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க பெரியப்பா. தொண்ட எரியாது.”

மாற்றி வாங்க நேரமில்லை. நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வாக்குக் கேட்க வந்திருந்தார். படையலில் குறை இருந்தால் எங்கள் கருப்பு வாயே திறக்காது.

உடுக்கை அடித்ததும் பெரிய மாமா மேல் சாமி வந்தது. ஒரு மடக்கு குடித்தது. கண்ணை மூடி அப்படியே நின்றது. நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வழக்கமாகப் பாதியை அரிவாள் மேல் தெளிக்கும். இன்று முழு பாட்டிலும் காலி. அரிவாளுக்கு ஒரு சொட்டுகூட இல்லை.

“தை மாசம் ஒம்மவ கழுத்துல மால விழும், போ!”

நாத்தனார் அழுதேவிட்டார்.

சாமி மலையேறியபின், பெரிய மாமா முகம் கழுவிக்கொண்டே கொழுந்தனைக் கூப்பிட்டார்.

“சாமி ஏதாச்சும் கொற சொல்லுச்சாடா?”

“ஒண்ணும் சொல்லலைங்க பெரியப்பா.”

“அப்ப சரி. அடுத்த வருசம் ரெண்டா வாங்கிரு. அருவாளுக்கும் வேணும்ல.”

உங்கள் ஊர்ச் சாமிகளெல்லாம் இன்னும் பிராந்தியிலேயேதான் நிற்கின்றனவா?