ஓடும்போது பேசலாமா?

நாலு பேரை ஓடவைத்துப் பிழைக்கிறவனுக்கு அவர்களுடைய காலைவிட வாய்தான் பெரிய பாடு. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

பேச்சுச் சோதனை

ஹில்ஸ்பரோ பூங்காவில் சனிக்கிழமை காலை, இங்கே குடியேறிய நம்மவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே விளக்கிவிடுவேன். ஓடிக்கொண்டே பேச முடிந்தால், தசை செல்களுக்கு ஆக்சிஜன் போதுகிறது என்று அர்த்தம். அவை சர்க்கரையை முழுதாக எரித்து, நீரும் கார்பன் டை ஆக்சைடுமாக மாற்றி, நிறைய சக்தி எடுத்துக்கொள்ளும். அதுதான் காற்றுள்ள சுவாசம். பேச்சு திணறினால் ஆக்சிஜன் போதவில்லை. அப்போது செல்கள் காற்றில்லா சுவாசத்தையும் சேர்த்துக்கொள்ளும். சர்க்கரை பாதி உடைந்து லாக்டிக் அமிலமாக நின்றுவிடும். சக்தி சட்டென்று வரும், ஆனால் கொஞ்சம்தான் வரும்.

யாழ்ப்பாணத்து வதனி அக்காவுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பாதி மேட்டில் நின்றுகொண்டு யாருடைய கல்யாணத்தையோ விவரித்துக்கொண்டிருந்தார். ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"ஓடிக்கொண்டு கதைச்சா கதை விளங்காது தம்பி. பொறும், முடிச்சிட்டு வாறன்."

முதல் பீப்

அவர் கணவர் சிவா அண்ணன் ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்கு வேலை பார்த்தார். தீயணைப்பு வீரராக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான ஓட்டத் தேர்வில் அடுத்த பீப் ஒலிப்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொடவேண்டும், போகப்போக வேகம் கூடிக்கொண்டே போகும், தொட முடியாதவர் நின்றுவிட வேண்டும். இவரோ பயிற்சியில் முதல் பீப்புக்கே நாய் துரத்தியதுபோல் பாய்வார், பாதியில் புல்லில் விழுவார். அவசரத்துக்கு வைத்திருக்கும் காற்றில்லா சக்தியை ஆரம்பத்திலேயே தீர்க்காதீர்கள், மெல்லத் தொடங்குங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"ஓம், விளங்குது. ஆனா தொடக்கத்திலயே பின்னால நிண்டா வதனி என்ன நினைப்பா?"

மனுகாவ் மண்டபம்

அந்தத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார். இரண்டாம் முறை போவதற்குள், மனிதர் கிடங்கில் வேலையை விடுவதாகவும் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே போங்கள், பேச முடியாமல் போகும்போது மிச்சத்தை எடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

தேர்வு அந்த மண்டபத்தில்தான் நடந்தது. அன்று எல்லோரும் முந்திப் போக, இவர் கடைசியில் அரட்டையடித்தபடி ஓடினார். வதனி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் ஓடியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசிச் சுற்றுகளில் அவர் பேச்சு நின்றது, கால் நிற்கவில்லை. தேறிவிட்டார். தரையில் மல்லாந்து, சொல்ல வாய் வராமல் கட்டைவிரலைக் காட்டினார். சேர்ந்துவிட்ட அமிலத்தைச் சரிக்கட்ட உடம்பு இன்னும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. வதனி அக்கா அழுதபடி குனிந்தார்.

"வேலை கிடக்கட்டும், முதல்ல மூச்சை எடுங்கோ."

ஓடச் சொல்லித்தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் எப்போது பேசலாம், எப்போது வாயை மூடலாம் என்று நம்மவர்களுக்குப் புரியவைப்பதிலேயே என் மூச்சு போய்விடுகிறது.