தாத்தாவின் முழங்கால் வலி

தாத்தாவின் மரண அறிவித்தலை எழுதியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. பெரியவர்கள் ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள், என் எழுத்தோ முத்து முத்தாக இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தது, அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அன்னார் அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், பேரப்பிள்ளைகளின் அருமைப் பாட்டனாரும் ஆவார். பிள்ளைகளின் பெயர் வர வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் பெயரும் அப்பாவின் பெயரும் மட்டும் வந்தன. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள்.

மூன்றாவது பிள்ளை அத்தை. நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றைக்குப் பாட்டி, "அவ பேரு இந்த வீட்டுல கேட்டுச்சுன்னா, அன்னிக்கே என்னயத் தூக்கிருங்க" என்று சொல்லிவிட்டாளாம். பாட்டிக்கு பிரஷர் உண்டு. ஆகவே அத்தையின் பெயரை யாரும் எடுக்கவில்லை. சுவரில் இருந்த அவளுடைய படங்கள் இறங்கிப் போன இடமும் யாருக்கும் தெரியவில்லை.

தாத்தா பாட்டியின் பேச்சைத் தட்டியதே கிடையாது. மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க்காக இருந்து பென்சன் வாங்கியவர். விடிந்ததும் பாட்டிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்த பிறகுதான் தனக்கு ஊற்றிக்கொள்வார். பாட்டிக்குக் கை முறிந்திருந்த மாதங்களில், வாசலில் கதிரை போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தலை பின்னிவிட்டார். அப்படிப்பட்ட மனுசன் பெண்டாட்டியோடு சண்டை பிடித்து மகளைப் பார்க்கப் போவாரா? போகவில்லை. அவருக்கு முழங்கால் வலி வந்தது.

அக்குறணைப் பக்கம் ஒரு சிங்கள நாட்டு வைத்தியர், ஒரு வெதமாத்தயா இருக்கிறார் என்றும், எண்ணெய் போட்டுக் கட்டினால் நடக்க முடியாதவனும் ஓடுவான் என்றும், காசே வாங்க மாட்டார் என்றும் தாத்தா வீட்டில் சொன்னார். அப்படி ஒரு வெதமாத்தயா கிடையவே கிடையாது. கால் வலிக்காரரைத் தனியே விடக்கூடாதென்று அப்பா சனிக்கிழமை தோறும் என்னைத் துணைக்கு அனுப்பினார். குண்டசாலையில் வீட்டுப் படியிலிருந்தே நொண்டும் தாத்தா, கண்டி பஸ்ஸில் கால் வைத்ததும் இளந்தாரி ஆகிவிடுவார். கண்டியில் இறங்கி மாத்தளை பஸ் பிடிக்க அவர் நடக்கும் நடைக்கு நான் ஓட வேண்டும். திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் போத்தலை எடுத்து முழங்காலில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்வார்.

"மணக்குதா புள்ள?"

"நாறுது தாத்தா."

"அது போதும்."

ஒருமுறை இடது காலுக்குப் பதிலாக வலது காலை நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார். பாட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நல்ல வேளை, அவள் கவனிக்கவில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

அக்குறணையில் கடைக்குப் பின்னால் ஓர் அறை. முக்காடு போட்ட அத்தை அங்கே காத்திருப்பாள். தாத்தா வந்து உட்கார்ந்ததும் அவருடைய கையைப் பிடித்தால் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை விட மாட்டாள். மாமா உள்ளே வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்று சொல்லிவிட்டு, எங்களைத் தொந்தரவு செய்யாமல் கடைக்குப் போய்விடுவார்.

காசு வாங்காத மனுசனிடம் வெறுங்கையோடு போகக்கூடாதென்று பாட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் வெதமாத்தயாவுக்கு எள்ளுருண்டை பிடித்துக் கொடுப்பாள். அத்தைக்கு எள்ளுருண்டை என்றால் உயிர். அத்தைக்கு மகன் பிறந்தபோது தாத்தாவால் சந்தோசத்தை அடக்க முடியவில்லை. வெதமாத்தயாவின் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டார். பாட்டி எழும்பி உள்ளே போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை பார்சல் கனத்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துப் பொடி, வெள்ளைப்பூடு, கருப்பட்டி, அவற்றுக்கு அடியில் பாட்டியின் பழைய நூல் சேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஓரம் தைத்த துணிகள். அத்தை அந்தத் துணிகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வரும் வழியில் தாத்தா, "ஒங்க பாட்டிய எப்படி ஏமாத்திட்டோம் பாத்தியா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் போகும்போது ஒருநாள் அவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். இந்த விசயம் பாட்டி காதில் விழுந்தால் அவ்வளவுதான், பாட்டி செத்துப் போகும் என்றார். அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அத்தை மட்டும், ஏதாவது அவசரம் என்றால் இந்த நம்பருக்கு எடு என்று சொல்லி, கடையின் கார்ட் ஒன்றை என் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை பகலில், குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்த தாத்தா அப்படியே கதிரையில் சாய்ந்தார். திரும்ப எழும்பவில்லை. அறிவித்தல் எழுதப் பேனை எடுக்க நான் பென்சில் பெட்டியைத் திறந்தேன். கோடு போடும் அடிமட்டத்துக்குக் கீழே அந்தக் கார்ட் இருந்தது. பேனையை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினேன். ஏற்கெனவே ஒருவர் செத்துவிட்டார், நான் வாயைத் திறந்தால் பாட்டியும் செத்துவிடுவாள். எனக்கு அன்றைக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

போன மாதம் அக்குறணைக்குப் போயிருந்தேன். அத்தை அலுமாரியைத் திறந்து அந்த அறிவித்தலை எடுத்துக் காட்டினாள். அந்தச் சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் காத்திருந்தாளாம். பிறகு மாமா எங்களைத் தேடிக் குண்டசாலைக்கு வந்து, சந்தியில் லைட் கம்பத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, அதை உரித்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஒரு மூலை கிழிந்த அந்தத் தாளில், என் கையெழுத்தைப் பார்த்து அச்சுக் கோத்த வரிகளில், அத்தையின் பெயர் இல்லை. "அம்மாதான் எனக்குச் சொல்ல விடாமச் செஞ்சது. அப்பா மொகத்தக்கூடக் காட்டல்ல" என்றாள். பாட்டி செத்தபோது, நான் கார்ட்டை எடுத்துக் கொடுத்து அப்பா போன் பண்ணியும் அத்தை வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவளிடம் எனக்கு என்ன வேலை என்று கேட்டாளாம்.

அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னால் அவளுக்கு அவளுடைய அம்மா திரும்பக் கிடைப்பாள். ஆனால் என் முகத்தில் முழிக்க மாட்டாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை.

எனக்கே அந்த உண்மை விளங்கியது என் பிள்ளை பிறந்தபோதுதான். என் அம்மா அதே மருந்துப் பொடியை இடித்துக் கொண்டுவந்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் அந்த மணம். வைத்தியர் வீட்டுக்கு யாராவது மருந்து கொடுத்து அனுப்புவார்களா? ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது தன் சேலையை வெட்டித் துணி தைப்பார்களா? பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தான் சொன்ன சொல்லைத் தானே மீற முடியாமல், சனிக்கிழமை சனிக்கிழமையாக மகளுக்கு எள்ளுருண்டை அனுப்பிக்கொண்டிருந்தாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது.

தாத்தா செத்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அவரை எடுப்பதாக இருந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி பெரியப்பாவிடம், "வெதமாத்தயாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள். இப்போது எதற்கு வைத்தியர் என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். பாவம், துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். பாட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நீதானே கூடப் போவ. நீ சொன்னியா?"

தெரியாது என்றால் மேலே மேலே கேட்பாள், எல்லாம் வெளியே வந்துவிடும்.

"சொல்லிட்டேன் பாட்டி."

அதற்குப் பிறகு பாட்டி பெட்டியின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. தூக்க வந்தவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்றாள். மூன்றரை ஆயிற்று. மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரும்ப வந்தார்கள், திரும்பவும் பொறுங்கள் என்றாள். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ வந்து நின்றால் போதும், எல்லோருடைய தலைக்கும் மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். பாட்டி அப்படித் தவிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"வெதமாத்தயா வரலயாம் பாட்டி. வேல இருக்காம்."

பாட்டி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்படியா சொன்னாங்க?"

"ஆமா பாட்டி."

அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"தூக்குங்க" என்றாள்.

தாத்தாவைக் கொண்டுபோனார்கள். பாட்டி சாகவில்லை. தாத்தாவுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தைக் கடைசி வரைக்கும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.