சாம்பல் நிற அடுக்கு

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சேத்துக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்று வண்டலைப் படித்தவள். அவளை அந்தப் படிப்புக்குத் தள்ளியதே தாய்மாமன் மீதிருந்த வன்மம்தான்.

அப்பா ஈய உலையில் வேலை பார்த்தார். மாமா அங்கே மேனேஜர். உலைக்கழிவு முழுக்க ஆற்றில்தான் போயிற்று. கை நடுங்கி, நினைவு தப்பி, அப்பா இளவயதிலேயே செத்துப்போனார். ஆற்றில் கழிவு விட்டது பற்றிய விசாரணையில் மாமா கூசாமல் சொன்னார்: "கழிவெல்லாம் எப்பவோ கடலுக்குப் போயிருக்கும். இப்ப எங்க போய்த் தேடுவீங்க?" சாட்சியில்லை என்று வழக்கை மூடினார்கள். வெளியே வந்ததும் அவள் தலையைத் தடவி, "தைரியமா இரு கண்ணு" என்றார். அன்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு எல்லாவற்றையும் கடலில் சேர்ப்பதில்லை என்பதைப் பிறகு படித்தாள். வெள்ளம் கரை தாண்டிப் பரவும்போது வேகம் குறைந்து சேற்றை அங்கேயே இறக்கிவிடுகிறது. அடுத்த வெள்ளம் அதன்மேல் இன்னொரு அடுக்கைப் போர்த்துகிறது. ஆறு தடம் மாறிக் கரையை அரிக்கும்வரை, அது தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடக்கும்.

ஓய்வுபெற்ற மாமா, உலைக்குக் கீழே ஆற்று வளைவில் பங்களா கட்டியிருந்தார். வெள்ளச் சமவெளி ஆய்வு வந்தபோது அந்த வளைவை அவளே கேட்டு வாங்கினாள். "நம்ம பொண்ணு" என்று மாமா கேட்டைத் திறந்துவிட்டார். மண் மாதிரி எடுக்கத் தோட்டத்தில் இறக்கிய குழாய் மேலே வந்தபோது, பழுப்பு மண்ணுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு. சோதித்தபோது ஈயம். கிணற்று நீரிலும் அதுவே.

மாமா ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"அம்மாடி, இது குடும்ப விஷயம். வெளிய விட்றாத."

"கடலுக்குப் போயிடுச்சுன்னீங்களே மாமா. போகல. உங்க வீட்டுலதான் இருக்கு."

ஒரே ஒரு சிக்கல். அந்த அடுக்கு அம்மாவின் காய்கறித் தோட்டத்துக்கு அடியிலும் ஓடியது. அறிக்கை போனால் அம்மாவின் பிழைப்பும் போகும். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவன் கிணத்தையும் மூடுவாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"மூடுவாங்க."

"அப்ப எழுதிக் குடு." அம்மா அப்போதே தக்காளிச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள்.

கிணற்றுக்குக் கான்கிரீட் மூடி விழுந்தது. வழக்கு மறுபடி திறந்தது. பங்களாவை வாங்க ஆளில்லை. மாமா லாரித் தண்ணீரில் குளிக்கிறார். மண் மாதிரி எடுக்க ஆண்டுதோறும் அங்கே போக வேண்டும். யாரையாவது அனுப்பலாம். ஆனால் அவளேதான் போகிறாள். மாமா ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். அதற்கு நேர் எதிரே குழாயை ஊன்றி, அவசரப்படாமல் இறக்குகிறாள்.