கண்ணாடியைக் கழற்றிய பேராசிரியர்

பம்பாயின் சயான் ஸ்டேஷனுக்குள் ரயில் வரும்போது தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தண்டவாளத்தின் பக்கம் போய்விடுமோ என்று என் கால்களை நானே நம்பவில்லை. அப்போதுதான் தோன்றியது: இதை எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் சொன்னால் என்ன?

டெரிலின் சட்டை, டை, தடித்த கண்ணாடி. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவரே அவருக்குத் தெரியாது. மாதுங்காவில் கல்லூரி லேபில் நான் பேசத் தொடங்கியதும் அதைக் கழற்றி, டையின் நுனியால் துடைக்க ஆரம்பித்தார். தூக்கமில்லாததை, தூணைப் பிடித்ததை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். முடிக்கும் வரை துடைத்தார்.

"காலம்பற சாப்பிட்டியோ?"

"இல்ல சார்."

"வா, கான்டீன்ல இட்லி இருக்கும். நாளைலேர்ந்து லேபை நீதான் தெறக்கணும். இந்தா சாவி."

"சார், நான் சொன்னது..."

"கேட்டேன்டா. காதுக்கு ஏது கண்ணாடி? வேற சாவி கிடையாது. நீ வரலேன்னா நானும் வாசல்லதான் நிக்கணும்."

ஒரு வாரமாகத் திறக்கிறேன். அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியைக் கழற்றினாரா, நான் கூச்சமில்லாமல் அழட்டும் என்றா? சாவி மருந்தா, எடுபிடி வேலையா? தாராவிச் சந்துகளில் இதையே யோசித்துக்கொண்டு நடக்கிறேன், பிடிபடவில்லை.

நாளை கதவைத் திறந்ததும், அவர் கை டைக்குப் போவதற்குள் சொல்லிவிடப்போகிறேன்: "நேத்தும் அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன், சார்."