இருபது தப்படி ரிசாப்

ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகுதான் ‘ரிசாப்’ என்ற சொல் எங்கள் தோட்டத்து லயத்துக்குள் வந்தது. ஆற்றிலிருந்து இருபது தப்படிக்குள் யாரும் எதுவும் பயிர் செய்யக்கூடாது, கொட்டகை போடக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது. இல்லாவிட்டால் கரை சரியும், மருந்து தண்ணீரில் இறங்கும் என்று ஆபீசில் சொன்னார்கள். நல்ல சட்டம்தான். அதை, எங்களை வேலை வாங்கும் மண்டோர் கையில் கொடுத்ததுதான் கோளாறு.

ஆற்றோரம் எனக்கு ஒரு பாத்தி இருந்தது. பயற்றங்காய், கங்கோங் கீரை, நாலு மிளகாய்ச் செடி. வேலை முடிந்து வந்து தகரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி வளர்த்தவை. மண்டோர் வீட்டு மாடு இரண்டு தடவை உள்ளே புகுந்து மேய்ந்தது. மூன்றாம் தடவை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பத்துப் பேர் காதுபட அவரைக் கேட்டுவிட்டேன்.

மறுவாரமே அளக்க வந்தார். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி நின்ற இடத்தில், மர வேர்களில் குப்பை சிக்கிக் கிடக்கும். அந்த அடையாளத்திலிருந்து இருபது தப்படி நடந்தார். என் பாத்தி ரிசாப்புக்குள் வந்துவிட்டது. பறித்துக்கொள் என்று ஒரு நாள் கொடுத்திருக்கலாம். ஆள் வைத்துக் களை மருந்து அடித்தார். மருந்தே அடிக்கக்கூடாத இடத்தில், சட்டத்தைக் காப்பாற்ற மருந்து! பிஞ்சு விட்டிருந்த கொடி மூன்று நாளில் கருகியது. பக்கத்திலேயே அவருடைய மாட்டுக் கொட்டகை இருந்தது. அதை அவர் அளக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அணையவே இல்லை.

அடுத்த வறட்சியில் சிரம்பானிலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். முன்பே நட்டு ரிசாப்புக்குள் நிற்கும் செம்பனைகளுக்குச் சிவப்புச் சாயத்தில் வளையம் போட வேண்டும். வளையத்தைக் கண்டால் மருந்து அடிப்பவர்கள் நின்றுவிட வேண்டும். சாய டின்னை ஆபீஸ் கிராணி என்னிடமும் இன்னொருத்தியிடமும் கொடுத்தார். எங்கிருந்து அளப்பது என்று அவர் சொல்லவில்லை.

மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அதுவரை என்னை ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

“தங்கச்சி, தண்ணி இப்ப நிக்கிற எடத்துலேருந்து அளந்துரு லா. ஒன் பாத்தியும் வெளிய வந்துரும். திரும்பப் போட்டுக்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

ஆறு நடுவில் வாய்க்கால்போலச் சுருங்கிக் கிடந்தது. அங்கிருந்து அளந்தால் என் பாத்தியும் தப்பும், அவர் கொட்டகையும் தப்பும். நாள் முழுக்க யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் மோட்டாரைத் திருப்புவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

பழைய வெள்ளக் குப்பையைத் தேடிப் பிடித்தேன். என் தப்படி சின்னது. கூட வந்தவள் நெட்டைக்காரி, அவளை நடக்கச் சொன்னேன். கொட்டகைக்கு முன்னால் நின்ற மரத்துக்கும் வளையம், பின்னால் நின்ற மரத்துக்கும் வளையம். பின்னால் நின்றதற்கு இரண்டு பூச்சு.

வந்த அதிகாரி, சிவப்பு மரங்களுக்கு நடுவில் மாடு என்ன செய்கிறது என்று கேட்டார். பொம்பளைகள் தப்பாக அளந்துவிட்டார்கள் என்றார் மண்டோர். நான் முன்னால் போய், போன வருஷம் மண்டோர் அளந்து காட்டிய இடம் இதுதான் என்று சொல்லி, என் பாத்தியில் இன்னும் நின்ற பயற்றங்கொம்புகளைக் காட்டினேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் கொட்டகையைப் பிரிக்க உத்தரவு வந்தது. கட்ட வேறு இடம் கொடுக்கவில்லை, மாடுகளை விற்றார்கள். மண்டோர் தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனபோது வேலையை நிறுத்திவிட்டுக் கண் குளிரப் பார்த்தேன். அவர் மனைவி குழாயடியில் அழுதாளாம். அந்த மாட்டுப் பாலைத்தான் அவள் லயத்துக்கு விலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இல்லை, இன்றைக்கும் இல்லை.

கடைசித் தகரத்தோடு என் எதிரில் வந்து நின்றார்.

“ஒனக்கு என்னா கெடச்சிச்சி? ஒன் பாத்தியும்தானே போச்சி?”

“போவட்டும் மண்டோரே. காய லுக்குட் பசார்ல வாங்கிக்குவேன். இது அங்க கெடைக்காது.”