விழுப்புரத்தில் தம்பியின் இடது கால்

காலை ஏழு மணிக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஏறினேன். விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தம்பி அந்தோணியின் மகளுக்கு அன்று புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

"மூணு பேர் சீட்ல உக்காருங்கம்மா, வசதியா இருக்கும்" என்றார் நடத்துனர். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் குடும்பமே கனத்த குடும்பம், அதில் பெருமையும் உண்டு. எங்கள் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தால் எழமாட்டார்கள் என்று ஊரே கேலி பேசும்.

நான் மட்டும் விக்கிரவாண்டி வருவதற்குள் இரண்டு முறை எழுந்து நின்றேன். போன வருடம் என் வலது காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. உடல் எடையும், நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் அசையாமல் உட்கார்ந்ததும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். மாத்திரையாலும் நடையாலும் பிழைத்தவள் நான்.

தேவாலயத்தில் பூசை முடிந்து பத்து மணிக்குத் தம்பி வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தேன். கடையில் கல்லாவை விட்டு எழாத அந்தோணி இங்கேயும் நாற்காலியில்தான் இருந்தான். அவன் மனைவி ஸ்டெல்லா இடது காலுக்குத் தைலம் போட்டு உருவிக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா வலிக்குதுக்கா. வெயிட்டு ஏறிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல."

தொட்டுப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. வலது கால் எப்போதும் போல இருந்தது.

"வெயிட்டு ஏறுனா ரெண்டு கால்லயும்தான்டா ஏறும். ஸ்டெல்லா, உருவாதே. உறைஞ்ச ரத்தக்கட்டி நகந்து நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்து."

"பிரியாணி எறக்கற நேரத்துல இன்னா பேஜாரு இது" என்று பந்தி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தாய்மாமா சலித்துக்கொண்டார். நான் காதில் வாங்கவில்லை. ஆட்டோவை வரவழைத்து அவனை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தொடை வரை இரத்தம் உறைந்திருந்தது. "நல்ல வேளை, இன்னைக்கே வந்தீங்க" என்றார் டாக்டர். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் நின்றேன்.

ஒரு வாரம் கழித்து ஊர் திரும்பினேன். அந்தோணி பேருந்து நிலையம் வரை மெதுவாக நடந்தே வந்து வழியனுப்பினான். டீக்கடைக்காரர் அவன் உடம்பைப் பார்த்து அவசரமாக ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"வேணாங்க" என்று அதைத் தள்ளி வைத்தான் தம்பி. "எங்கக்கா பாத்துக்கினு இருக்காங்க."

பேருந்து திரும்பி மறையும்வரை நின்றுகொண்டே கையசைத்தான்.