நடுத்திட்டில் நிற்கும் செவலை

கொடும்பாளூர் விலக்கில் திருச்சி பஸ்ஸுக்காக நிற்கிறேன். நாய் என்றால் எனக்கு உயிர், ஆனால் குடியிருக்கும் வாடகை வீட்டில் வளர்க்க விடுவதில்லை. அதனால் பயணங்களில் என் பையில் பிஸ்கட் இருக்கும். எதிர்ப்பக்க டீக்கடையில் ஒரு செவலை நாய்க்கு இப்போதுதான் ஒரு பாக்கெட்டைப் போட்டுவிட்டுச் சாலையைக் கடந்து வந்தேன். அது என் பின்னாலேயே வந்து, நடுத்திட்டில் ஏறி நின்று வாலாட்டுகிறது. எங்கள் இருவருக்கும் நடுவே லாரிகள் பறக்கின்றன.

பக்கத்தில் இளநீர் சீவும் அக்கா பதறுகிறார்.

"கூப்பிட்டுறாதீங்க சார்! இதோட தாயை இங்கிட்டு நின்னுதான் ஒருத்தரு கூப்பிட்டாரு."

"அப்புறம்?"

அவர் அரிவாளால் சாலையைக் காட்டுகிறார்.

நாய் என் வாயையே பார்க்கிறது. எந்த நாயைக் கண்டாலும் ‘ச்சு ச்சு’ என்று கூப்பிட்டுவிடும் நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பஸ் வந்து நிற்கிறது. நான் படியில் கால் வைத்தால் அது ஓடி வரும்.